ஷில்லாங்கின் தகரக் கூரைகளுக்குக் கீழே

ஷில்லாங்குக்கு ரயில் கிடையாது. சென்னையில் ஏறினால் இரண்டு இரவுகளுக்கு மேல் பயணம் செய்து குவாஹாட்டி வரை போகலாம். அதற்கப்புறம் நூறு கிலோமீட்டர் மலைச்சாலை. ரயில் நிலையத்தை ஒட்டிய பல்டன் பஜாரில் சுமோக்கள் நிற்கும். ஆள் நிறைந்ததும் கிளம்பும். மே மாதம், மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. பெட்டிகள் எல்லாம் கூரைமேல் ஏறின. என் பேஸ் கிட்டாரை மட்டும் மடியில் குறுக்காக வைத்துக்கொண்டேன். அது சாதாரண கிட்டாரைவிட நீளம். பக்கத்தில் இருந்த பெரியவர், தன் தோளில் சாய்த்துக்கொள்ளச் சொல்லிக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியில் பார்த்த ஓட்டுநர் கேட்ட முதல் கேள்வி, “பேஸா? எந்த பேண்டில் வாசிக்கிறீர்கள்?”

பையின் நீளத்தைப் பார்த்தே அது பேஸ் என்று சொன்ன ஓட்டுநரை நான் வேறு எந்த ஊரிலும் சந்தித்ததில்லை. சென்னை விமான நிலையத்தில் அதை வீணை என்பார்கள். சிலர் சிதார் என்பார்கள். இந்த ஓட்டுநர் பள்ளி நாள்களில் டிரம்ஸ் வாசித்தவர். வழி நெடுக அவருடைய பென் டிரைவிலிருந்து எண்பதுகளின் ராக் பாட்டுகள், அதிலும் மெதுவாகத் தொடங்கிப் பின்னால் கிட்டார் ஓங்கி ஒலிக்கும் காதல் பாட்டுகள். ஜோராபாட்டில் சாலை தெற்கே திரும்பி ஏறத் தொடங்குகிறது. நோங்போவில் தேநீருக்கு நிறுத்தினார்கள். ரோட்டோரக் கடைகளில் அன்னாசி அடுக்கியிருந்தது. அதற்கு மேலே ஏற ஏறப் பைன் மரங்கள், பிறகு 1960-களில் அணை கட்டி உண்டாக்கிய உமியம் ஏரி. ஏரியைத் தாண்டும்போது வண்டியில் இருந்த எல்லோரும் ஒரு பாட்டின் பல்லவியைச் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். தோள் கொடுத்த பெரியவரும்தான்.

நான் போனது ஊர் பார்க்க அல்ல, வாசிக்க. சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு கல்லூரி விழாவில் ஷில்லாங் குழு ஒன்றுடன் ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்டோம். அதன் கிட்டார் கலைஞருடன் அப்போது ஏற்பட்ட பழக்கம் தொடர்ந்தது. அவர்களுடைய பேஸ் வாசிப்பாளர் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போய்விட்டார். “அடுத்த ஆள் கிடைக்கும்வரை நீங்கள் வந்து நில்லுங்களேன். மே 24 வேறு வருகிறது” என்று அழைத்தார். மே 24 என்னவென்று எனக்குத் தெரியும். ராக் இசையில் ஈடுபாடுள்ள இந்தியர்கள் பலருக்கும் தெரியும். விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அவர்களுடைய ஜாம் ரூம் ஷில்லாங்கின் லைதும்க்ரா பகுதியில், கிட்டார்க்காரரின் தாய் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது. இந்த மலைகளின் பழங்குடியான காசி மக்களிடையே குலப்பெயர் தாய் வழியில் வரும். பூர்வீக வீடு பெரும்பாலும் கடைசி மகளுக்குப் போகும். இந்த வீடும் அவருடைய தங்கைக்குரியது. அந்தத் தங்கைதான் குழுவின் பாடகி. ஆகவே எப்போது பயிற்சி, எத்தனை மணிக்கு நிறுத்துவது, யாருக்குச் சாப்பாடு என்பதையெல்லாம் அவர்தான் முடிவு செய்வார். என்னைவிட வயதில் இளையவர் என்பதால் என்னைக் ‘கொங்’ என்று அழைத்தார். அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருடைய அண்ணனை எல்லோரும் ‘பாஹ்’ என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அறையின் சுவர்களில் முட்டை அட்டைகள், பழைய மெத்தைகள். மூலையில் டிரம்ஸ், அதன் கிக் டிரம்முக்குள் ஒரு கிழிந்த கம்பளி. இரண்டு கிட்டார் ஆம்ப், ஒரு பேஸ் ஆம்ப், பாடுவதற்கு ஒரு சின்ன ஸ்பீக்கர். தலைக்கு மேலே தகரக் கூரை. ஷில்லாங்கின் பழைய வீடுகள் இப்படித்தான். 1897 ஜூன் 12-ஆம் தேதி வந்த பெரும் நிலநடுக்கத்தில் ஊரின் கல் கட்டடங்கள் தரைமட்டமாயின. அதற்குப் பிறகு மரச்சட்டம், இலேசான சுவர், தகரக் கூரை என்று கட்டத் தொடங்கினார்கள். நிலம் ஆடினாலும் வீடு தாங்கிக்கொள்ளும். விழுந்தாலும் ஆளைக் கொல்லாது.

அந்தக் கூரைமேல் மழை பெய்யும்போது வாசிப்பது தனி அனுபவம். நான் போய் இறங்கிய அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. முதலில் பாடகியின் குரல் மறைந்தது. பிறகு கிட்டாரின் மெல்லிய இழைகள் போயின. கடைசிவரை நின்றது டிரம்ஸும் பேஸும்தான். யாரும் நிறுத்தவில்லை. டிரம்ஸ் வாசிக்கும் தம்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தான்; நான் அவனுடைய வலது காலையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். கிக் டிரம் விழும் இடத்தில் பேஸின் சுரம் விழ வேண்டும். இரண்டும் ஒரே ஒலியாகச் சேர்ந்தால் மேலே யார் என்ன வாசித்தாலும் பாட்டு கலையாது. மேடையில் கேட்பவர் கண்ணுக்குப் பாடகியும் கிட்டாரும்தான் தெரிவார்கள். பாட்டைத் தூக்கி நிறுத்துவது கீழே நடக்கும் இந்தப் பேச்சு. இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிட்டாரைத் தனியாகப் பின்தொடர்ந்து கேட்டுப் பழகியவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்.

பயிற்சிக்கு நடுவே பாடகி வெற்றிலையும் பச்சைப் பாக்கும் சுண்ணாம்பும் கொண்டுவந்து வைத்தார். ‘க்வாய்’. காசி வீடுகளில் வந்தவருக்கு முதலில் தருவது இதுதான். நம் தாம்பூலத்தில் வைக்கும் உலர்ந்த பாக்கு அல்ல. மென்றால் காது மடல் வரை சூடு ஏறும். மலைக்குளிருக்கு அது வேண்டித்தான் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். மே மாதத்திலும் ஸ்வெட்டர் இல்லாமல் மாலையில் உட்கார முடியாது.

அடுத்தடுத்த நாள்களில் ப்ளூஸ் வாசித்தோம். ப்ளூஸ் என்பது கட்டுமானத்தில் மிக எளிமையானது. நான்கு எண்ணிக்கை ஒரு பார். பன்னிரண்டு பார் ஒரு சுற்று. ஏ-யில் நான்கு பார், டி-யில் இரண்டு, மறுபடி ஏ-யில் இரண்டு, இ ஒன்று, டி ஒன்று, கடைசி இரண்டும் ஏ. மூன்றே கார்டு. கிட்டார் கற்கத் தொடங்கிய எவரும் சில வாரங்களில் போட்டுவிடுவார்கள். ஆனால் ஷில்லாங்கில் அதை வாசிக்கிற விதம் வேறு. அவசரமே இல்லை. ஸ்னேர் அடி விழ வேண்டிய நொடிக்கு மயிரிழை பின்னால் விழுகிறது. பாஹ் ஒரு சுரத்தை வளைத்துப் பிடித்துக்கொண்டு ஒரு பார் முழுக்க அங்கேயே நிற்பார். சுற்றி எல்லோரும் அவருக்காக இடம் விட்டு வாசிப்பார்கள். எல்லா இசைக்குழுக்களும் வேகத்தில் முந்தப் பார்க்கும் காலத்தில், பொறுமையாக வாசிப்பதே இந்த ஊரின் பெரிய பலம் என்று நினைக்கிறேன்.

இதற்குப் பின்னால் நீண்ட பரம்பரை இருக்கிறது. இம்பீரியல் டுபாக்கோ நிறுவனம் நடத்திய ‘சிம்லா பீட்’ போட்டிகளில் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே ஷில்லாங்கின் ‘ஃபென்டோன்ஸ்’ குழு வாசித்திருக்கிறது. அந்தப் போட்டியின் இசைத்தட்டுகளிலும் இடம்பெற்றது. அதே தலைமுறையைச் சேர்ந்த லூ மஜாவ் ‘கிரேட் சொசைட்டி’ குழுவுக்குப் பாடினார். ரூடி வாலாங் தன் தந்தை டோட்டோ வாலாங்கின் இசையைக் கேட்டு வளர்ந்தவர். அவரும் பாடகி டிப்ரிட்டி கர்பங்காரும் 2003-இல் ‘சோல்மேட்’ குழுவைத் தொடங்கினார்கள். 2007-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் நடக்கும் சர்வதேச ப்ளூஸ் போட்டிக்கு இந்தியாவிலிருந்து போன குழு அது. அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பெயரே ‘ஷில்லாங்’. ஊர் ப்ளூஸோடு நின்றுவிடவில்லை. ‘பிளேக் த்ரோட்’ என்ற டெத் மெட்டல் குழு 2014-இல் ஜெர்மனியின் வாக்கென் திருவிழாவில் வாசித்தது. ‘சம்மர்சால்ட்’ காசி மொழியில், துயிதாராவோடு பாடுகிறது. துயிதாராவுக்கும் என் கிட்டாரைப் போலவே நான்கு தந்தி. முன்பெல்லாம் மூகா பட்டு நூலையே தந்தியாக முறுக்கிக் கட்டுவார்களாம். ஷில்லாங் சேம்பர் கொயர் என்ற பாட்டுக் குழு உலகறிந்தது. நீல் நோங்கின்ரி 2001-இல் தொடங்கி, 2022 ஜனவரியில் மறையும்வரை நடத்தினார். ஒரு மலை ஊரிலிருந்து இவ்வளவும் வந்திருக்கிறது.

எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஆங்கிலேயர் அசாமின் தலைநகராக வைத்திருந்த ஊர், மிஷன் பள்ளிகள், குளிர். எனக்கு விடை ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது.

ஞாயிறு என்றால் ஷில்லாங் அடைத்துக்கிடக்கும். போலீஸ் பஜாரில்கூடக் கடைகள் திறக்கத் தாமதமாகும். ஜாம் ரூமில் கருப்பு டி-சர்ட் போட்டுக்கொண்டு டிரம்ஸை வெளுத்த தம்பி, கோட்டும் டையுமாக வந்து என்னை பிரெஸ்பிடேரியன் தேவாலயத்துக்கு அழைத்துப்போனான். வேல்ஸ் நாட்டிலிருந்து தாமஸ் ஜோன்ஸ் என்ற மிஷனரி 1841-இல் சோஹ்ராவுக்கு வந்தார். நாம் சிரபுஞ்சி என்று பாடப்புத்தகத்தில் படித்த ஊர் அது. காசி மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் முறையை நிலைநிறுத்தியவர் அவர். வேல்ஸ்காரர்கள் பாட்டுப் பைத்தியங்கள். போன இடமெல்லாம் நான்கு குரல் பாட்டைக் கொண்டுபோனார்கள். காசி மண்ணைப் போற்றும் ‘ரி காசி’ என்ற பாட்டுக்கு வேல்ஸ் தேசிய கீதத்தின் மெட்டையே எடுத்துக்கொண்டார்கள்.

ஆராதனையில் யாரும் மெட்டை மட்டும் பாடவில்லை. எனக்கு முன் வரிசையில் ஒரு பாட்டி கீழ்க்குரலைப் பிடித்தார். பக்கத்தில் பள்ளிக்கூடப் பையன் நடுக்குரலை. பின்னாலிருந்து ஆண்களின் அடிக்குரல் தரையோடு வந்தது. பாட்டுப் புத்தகத்தில் ஐந்து கோட்டு இசைக்குறி இல்லை. ட, ர, ம, ஃப என்று எழுத்தால் எழுதிய டானிக் சோல்ஃபா. நம் ச-ரி-க-ம போலப் படித்தே பாடிவிடலாம். திருநெல்வேலிச் சீமையில் தேவாலயப் பாட்டுக் குழுவில் நின்றவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் ஒரு சபை முழுவதும், பாட்டுக் குழு என்று தனியே யாரும் இல்லாததுபோல, நான்காகப் பிரிந்து பாடுவதை நான் அன்றுதான் கேட்டேன். அடிக்குரல் எங்கே போகிறது என்று தம்பி விரலால் முன் பெஞ்சில் தட்டிக் காட்டினான். அவனுக்கு அடிக்குரலை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

எங்கள் ஷோ ஒரு காஃபி கடையில். பெரிய கடை அல்ல. மேசைகளை ஓரம் ஒதுக்கினால் எண்பது பேர் நிற்கலாம். மாலை ஐந்தரைக்கே தொடக்கம். இருட்டிவிட்டால் பகிர்வு டாக்ஸிகள் குறைந்துவிடும். கறுப்பு-மஞ்சள் சின்ன மாருதி வண்டிகள் அவை. வழியில் கைகாட்டி ஏறிக்கொண்டு, இறங்கும் இடத்தில் காசு கொடுக்க வேண்டும். ஒன்பது மணிக்கு ஊர் அடங்கிவிடும். ஆகவே ஷில்லாங்கில் ராக் இசை மாலை நேரத்து விஷயம். அதனாலேயே குழந்தைகளும் தாத்தாக்களும் வருகிறார்கள். முதல் மேசையில் மூன்று தலைமுறை உட்கார்ந்திருந்தது. பாடகியின் அம்மா சால்வையோடு வந்து ஜன்னல் ஓரம் அமர்ந்தார்.

சவுண்ட் செக் சங்கடமாகத்தான் போனது. கடையின் மிக்ஸரில் இரண்டு சேனல் வேலை செய்யவில்லை. மானிட்டர் ஒன்றுதான், அதையும் பாடகிக்குக் கொடுத்துவிட்டோம். நான் டிரம்ஸுக்கு ஒட்டி, ஹை-ஹாட்டின் பக்கம் நின்றுகொண்டேன். அங்கே நின்றால் மானிட்டர் தேவையில்லை; கிக் டிரம்மின் காற்று காலில் படும்.

முதல் பாதி முழுக்க மற்றவர்களின் பாட்டுகள். கடைக்காரரின் விருப்பம் அது. கூட்டத்துக்கும் பிடித்திருந்தது. தெரிந்த பல்லவி வந்ததும் கூட்டம் பாடத் தொடங்கியது. அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கேட்டதை மறுபடி கேட்டேன். சென்னையில் கூட்டம் பாடினால் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவார்கள், உற்சாகத்தில் சுருதி மேலே ஏறிக்கொண்டே போகும். இங்கே ஒரு பகுதி மெட்டைப் பிடிக்க, இன்னொரு பகுதி மூன்றாம் சுரத்தில் மேலே போனது. ஓரத்தில் நின்ற இரண்டு பேர் அடிக்குரலை எடுத்துக்கொண்டார்கள். யாரும் யாருக்கும் கை காட்டவில்லை. பாஹ் கிட்டாரை நிறுத்திவிட்டார். நானும் டிரம்ஸும் மட்டும் கீழே வாசித்துக்கொண்டிருக்க, எண்பது பேர் மேலே பாடினார்கள். ஒரு பேஸ் வாசிப்பாளருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்!

இரண்டாம் பாதியில் சொந்தப் பாட்டுகள். அவற்றில் ஒன்று காசி மொழியில். 2018 டிசம்பரில் கிழக்கு ஜைந்தியா மலையில் க்சான் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து, குறைந்தது பதினைந்து தொழிலாளிகள் சிக்கிக்கொண்டார்கள். எலி வளை போன்ற குறுகிய குடைவுகளில் ஆள் தவழ்ந்து போய் கரி வெட்டுகிற சுரங்கங்கள் அவை. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014-லேயே தடை விதித்தும் நடந்துகொண்டிருந்தவை. பாடகி அந்தப் பாட்டை, வீட்டில் காத்திருக்கும் ஒரு பெண்ணின் பேச்சாக எழுதியிருந்தார். சொல் எனக்குப் புரியவில்லை. பயிற்சியின்போது வரி வரியாக விளக்கியிருந்தார். பேஸில் எனக்கு ஒரே சுரம், ஒரு நிமிடத்துக்கும் மேல் ஒரே சுரம். பாட்டு முடிந்தபோது கைதட்டல் தாமதமாக வந்தது. முதல் மேசைத் தாத்தா எழுந்து வந்து பாடகியின் கையைப் பிடித்து ‘குப்லேய்’ என்றார். நன்றியும் ஆசியும் சேர்ந்த சொல் அது.

அன்றிரவு கடையில் மற்றவர்களின் பாட்டுகளை யாரும் வாசித்திருக்கலாம். சுரங்கப் பாட்டை அந்தக் குழு மட்டும்தான் பாட முடியும். ஒரு ஊருக்கு உள்ளூர் இசைக்குழு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இனிமேல் அந்தப் பாட்டைத்தான் சொல்வேன்.

மே 24, அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் பிறந்தநாள். லூ மஜாவ் இளைஞராகக் கொல்கத்தாவில் இருந்தபோது டிலனின் பாட்டைக் கேட்டார். 1972-இல் ஷில்லாங்கில் டிலனுக்குப் பிறந்தநாள் கொண்டாடத் தொடங்கினார். அந்த ஆண்டு ஜனவரி 21-இல்தான் மேகாலயா தனி மாநிலமானது; மாநிலத்துக்கும் அந்த விழாவுக்கும் ஒரே வயது. இடம் மாறும், மேடை பெரிதாகும், சிறிதாகும், தேதி மாறாது. நரைத்த நீண்ட முடி, அரைக்கால் டெனிம், தோளில் கிட்டார் என்று லூ மஜாவின் தோற்றம் ஊரின் அடையாளங்களில் ஒன்றாகிவிட்டது. டிலன் பெயரிலேயே ஊரில் ஒரு காஃபி கடை இருக்கிறது. 2016-இல் டிலனுக்கு இலக்கிய நோபல் அறிவித்தபோது உலகத்தில் பலர் வியந்தார்கள், சிலர் சண்டை பிடித்தார்கள். ஷில்லாங்கில் யாருக்கும் வியப்பில்லை.

டிலன் பாட்டுகளை அவரைப் போலவே பாடிக்காட்டும் நிகழ்ச்சியாக இருக்கும் என்று சிலர் நினைக்கலாம். அப்படியில்லை. ஒரு பாட்டை ரெக்கே தாளத்தில் வாசித்தார்கள், இன்னொன்றைத் துயிதாராவோடு. பள்ளிச் சீருடையில் வந்த பெண்கள் மூன்று பேர் கிட்டார் இல்லாமல் குரலை மட்டும் வைத்துப் பாடினார்கள். எழுபதைத் தாண்டியவர்கள் கூட்டத்தில் நின்று வரிகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் குழுவுக்கு இரண்டு பாட்டு. மேடையேறும் முன் பாஹ் என்னிடம் சொன்னது, “டிலன் பாட்டில் சொல் முக்கியம், கொங். சொல் வரும்போது நாம் ஒதுங்கி நிற்க வேண்டும்.” அப்படியே வாசித்தோம். டிரம்ஸ் தம்பி குச்சிகளை வைத்துவிட்டுத் துடைப்பம் போன்ற பிரஷ்களால் ஸ்னேரைத் தேய்த்தான். பாடகியின் ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்தது.

மறுநாள் குழுவோடு கோங்தோங் என்ற கிராமத்துக்குப் போனோம். ஷில்லாங்கிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள்தான். மலைச்சாலை என்பதால் சில மணி நேரம் ஆகும். அங்கே குழந்தை பிறந்ததும் தாய் அதற்கென்று ஒரு மெட்டு உண்டாக்குகிறாள். ‘ஜிங்க்ர்வாய் இயாவ்பேய்’ என்று அதற்குப் பெயர். குலத்தின் மூதாய்க்குச் செய்யும் மரியாதை. அந்த மெட்டுதான் அந்தக் குழந்தையின் அழைப்பு. வீட்டுக்குள் கூப்பிடச் சுருக்கமான வடிவம். காட்டில், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிட நீண்ட வடிவம். ஒருவருடைய மெட்டு இன்னொருவருக்குக் கிடையாது. அவர் இறந்தால் அந்த மெட்டும் அவரோடு முடிந்தது. பாக்குத் தோட்டத்தில் நின்ற ஒரு தாய் கையைக் குவித்துக் கூப்பிட, கீழே கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து மகனின் பதில் வந்தது. பாஹ் அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு வண்டியில், கிட்டாரில் தந்திகளை வளைத்து வாசிக்கும் பழக்கம் தனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதாகச் சொன்னார். அமெரிக்க இசைத்தட்டுகளிலிருந்துதான் என்று இதுவரை நினைத்திருந்தாராம்.

இவ்வளவு சொன்ன பிறகு பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ‘இந்தியாவின் ராக் தலைநகரம்’ என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. ஸ்கார்பியன்ஸ் போன்ற உலகக் குழுக்கள் வந்து வாசித்த ஊர். ஆனால் நான் வாசித்த குழுவில் ஒருவர்கூட இசையால் மட்டும் பிழைக்கவில்லை. பாஹ் பள்ளியில் ஆசிரியர். பாடகி பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித்தருகிறார். தம்பி அரசுத் தேர்வுக்குப் படிக்கிறான். ஹோட்டல்களில் தொடர்ந்து வாய்ப்புக் கிடைக்கும். ஆனால் மற்றவர்களின் பாட்டு வேண்டும், அதுவும் சாப்பிடுபவர்கள் பேசுவதற்கு இடைஞ்சல் இல்லாமல். தரமாக வாசிக்கத் தெரிந்தவர்கள் தில்லிக்கும் பெங்களூருக்கும் போய் உணவகங்களிலும் இசைப் பள்ளிகளிலும் வேலை செய்கிறார்கள். என் பேஸ் ஆம்புக்கு முன்னால் காலியாகக் கிடந்த ஸ்டூல் அப்படிப் போனவருடையதுதான்.

மாநில அரசு ஒரு நல்ல காரியம் செய்கிறது. ‘மேகாலயா கிராஸ்ரூட்ஸ் மியூசிக்’ திட்டத்தில் உள்ளூர்க் கலைஞர்களுக்குப் பொது இடங்களில் மேடையும் வாசிப்பதற்கு ஊதியமும் தருகிறார்கள். வார்ட்ஸ் ஏரிக்கரையில் ஒரு மாலை அப்படி வாசித்த இளைஞர்களைக் கேட்டேன். படகில் போகிறவர்கள் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சொந்தப் பாட்டு பாட வாய்ப்புண்டு, காசும் வருகிறது. மற்ற மாநிலங்கள் இதைப் பார்த்துச் செய்ய வேண்டும், தமிழ்நாடும்தான். நம் ஊர்ப் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் ஒரு சின்ன மேடை போட்டு, வாசிப்பவருக்கு முறையான ஊதியம் கொடுப்பதில் பெரிய செலவொன்றும் இல்லை.

ஜாம் ரூமில் அந்த பேஸ் ஆம்பின் முன்னால் இப்போது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நான் இருந்தபோதே பயிற்சிக்கு வரத் தொடங்கியவள். க்சான் பாட்டை இப்போது அவள்தான் வாசிக்கிறாள். அந்த ஒற்றைச் சுரத்தை அவள் என்னைவிட நீட்டிப் பிடிக்கிறாள் என்று பாஹ் போனில் சொன்னார்.

ஷில்லாங் போகிறவர்கள் அருவிகளுக்கும் வேர்ப்பாலங்களுக்கும் நாள் ஒதுக்குவதுபோல, ஒரு மாலையை உள்ளூர்க் குழுவுக்கும் ஒதுக்குங்கள். மே 24 அன்று அங்கே இருக்கும்படி அமைந்தால் இன்னும் நல்லது, குடை கட்டாயம். போக முடியாதவர்கள் உங்கள் ஊரிலேயே வாசிக்கிற குழு எது என்று தேடுங்கள். இலவச அனுமதி கேட்காமல் வாசலில் டிக்கெட் வாங்குங்கள். தெரிந்த சினிமாப் பாட்டை வாசிக்கச் சொல்லிச் சீட்டு அனுப்பாமல், அவர்களே எழுதிய பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லுங்கள்.